கையில் எக்ஸ்ட்ரா டர்ன், ஜன்னலில் மேகம்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு ஃபைனலில் தோற்றார். தோற்பது பெரிய விஷயமா? இல்லை. ஆனால் ஜெயித்த ஆட்டத்தைத் தோற்றார் — அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதை எழுதும்போதே எழுந்து எழுந்து போய் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சவரி, அதாவது என் வீட்டுக்காரர், மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் நடத்துகிறார். மழைக்காலம் வந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. உப்பளத்து ஆண்கள் என்ன செய்வார்கள்? ஷெட்டில் உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். "இந்த வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டு வரக்கூடாது" என்று நான் சட்டம் போட்டேன். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அப்புறம் ஒரு மழை நாளில் பளபளவென்று ஒரு டப்பாவோடு வந்து நின்றார்.

"இது சீட்டு இல்லம்மா... ட்ரேடிங் கார்டு. காசு வெச்சு ஆடுறதில்ல. கோயில் யூத் குரூப்ல எல்லாரும் ஆடுறாங்க."

வேவு பார்க்கத்தான் நானும் கற்றுக்கொண்டேன். இப்போது எந்த கார்டை எப்போது போட வேண்டும் என்று சமையலறையில் நின்று சண்டை போடுகிறோம். குழம்பு அடிப்பிடித்தது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் ஆடும் ஆட்டம். ஆளுக்கு ஒரு டெக். உங்கள் டர்ன் வந்தால் ஒரு கார்டு எடுக்கலாம், வீரர்களை மேசையில் இறக்கலாம், முன்பே இறங்கி நிற்கும் வீரர்களை வைத்து எதிராளியைத் தாக்கலாம். புதிதாக இறங்கிய வீரன் அந்த டர்னில் தாக்கக் கூடாது, அடுத்த டர்ன் வரை சும்மா நிற்க வேண்டும். அதற்குள் எதிராளி அவனைக் காலி பண்ணிவிடுவார்.

இங்கேதான் எக்ஸ்ட்ரா டர்ன் கார்டு வருகிறது. அதைப் போட்டால் எதிராளியை உட்கார வைத்துவிட்டு நீங்களே இன்னொரு முறை ஆடலாம். கேட்கவே ஜோராக இருக்கிறது இல்லையா? அதனால்தான் புதிதாக ஆடுகிறவர்கள் கைக்கு வந்ததும் போட்டுவிடுகிறார்கள். காலி மேசையை வைத்துக்கொண்டு இன்னொரு டர்ன் ஆடி என்ன பிரயோஜனம்? கூடுதலாக ஒரு கார்டு கிடைக்கும். அவ்வளவுதான்.

பொறுக்க வேண்டும். வீரர்களை மொத்தமாக இறக்குகிற டர்ன் வரும், அப்போது போட வேண்டும். எதிராளி சுதாரிப்பதற்குள் அவர்கள் தாக்கத் தயாராகிவிடுவார்கள். கூடவே தாக்குதலை இரட்டிப்பாக்கும் கார்டும் இருந்தால் ஆட்டம் முடிந்தது. போட்ட கார்டைத் திரும்பக் கைக்குக் கொண்டுவரும் இன்னொரு கார்டும் இருந்தால்... எதிராளி டீ குடிக்கப் போய்விடலாம், அவருக்கு டர்னே வராது.

சவரிக்கு இதெல்லாம் தெரியாதா? எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் கார்டு கைக்கு வந்தால் கை பரபரக்கும். "இருக்கும்போதே எடுத்துடணும் ஸ்டெல்லா, நாளைக்குன்னு வெச்சா கரைஞ்சுடும்" என்பார். கார்டு எங்கே கரையும்? உப்பளத்துப் புத்தி!

அவர் டெக்கில் இன்னொரு கார்டும் உண்டு. மேசையில் நிற்கும் தன் வீரர்கள் எல்லோரையும் திரும்பக் கைக்கு எடுத்துக்கொள்ளும் கார்டு. "இதைத் தூக்கிப் போடுங்க, ஜெயிக்கிறவன் இதை வெச்சிருக்க மாட்டான்" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். "ஒரு சேஃப்டிக்கு இருக்கட்டுமே" என்பார்.

இதே மனிதர் வாழ்க்கையில் எப்படி தெரியுமா? என் அண்ணன் திண்டிவனத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். புதிதாக இன்னொரு கடை திறக்கிறான். "மாப்ள வந்து மேனேஜரா உட்காரட்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஃபேனுக்குக் கீழே வேலை. மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் சம்பளம். இவரோ, "இந்த சீசன் முடியட்டும், சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டே போனார்.

கார்டில் ஒரு நிமிஷம் பொறுக்காதவர் வாழ்க்கையில் வருஷக்கணக்கில் ஒத்திப்போடுகிறார். கார்டில் "பொறுங்க, பொறுங்க" என்று கத்துகிற நான், வீட்டில் ஒரு பதிலுக்கு ஒரு நாள் பொறுக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேரையும் கலந்து உருப்படியாக ஒரு ஆளைச் செய்திருக்கலாம்.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கோடையில் ஒரு மேகம் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பேன். பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பு ஒரு மழைக்குத் தாங்காது. இந்தப் பயம் போதும் என்று தோன்றிவிட்டது.

கடைசியில் அண்ணன் கெடு வைத்தான். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் வரவில்லை என்றால் வேறு ஆள். சவரியும் தலையாட்டினார். "டோர்னமென்ட் முடியட்டும். சாயங்காலம் சரின்னு சொல்லிடுறேன்."

காலையில் பூசை முடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். ஆரோவில் பக்கத்தில் ஒரு காபிக் கடை மாடியில் போட்டி. நான் இரண்டாவது சுற்றிலேயே அவுட். சவரி ஃபைனல் வரைக்கும் போய்விட்டார்! எதிரே கலைவாணி. ஆரோவில் பேக்கரி ஒன்றில் வேலை பார்க்கும் பெண், கல்லுளிமங்கி, முகத்தில் ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு சவரியிடம் ஒரு அதிசயம் நடந்தது. எக்ஸ்ட்ரா டர்ன் கார்டு அவர் கைக்கு வந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். போடவில்லை. அடுத்த டர்னிலும் போடவில்லை. என் நகமெல்லாம் பல்லில்தான் இருந்தது. மூன்று வீரர்களை மொத்தமாக இறக்கினார்... அப்புறம் எக்ஸ்ட்ரா டர்னைப் போட்டார். கையில் இரட்டிப்பு கார்டு. கலைவாணியிடம் தடுக்க ஒரே ஒரு வீரன், மூன்று பேருக்கு அவன் எம்மாத்திரம்? தாக்க வேண்டியதுதான் பாக்கி.

சவரி ஏனோ தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். வடக்கே, மரக்காணம் பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை காலையில் வாருவதாக இருந்த உப்பு, பாத்தியில் அப்படியே கிடக்கிறது.

அவர் கை கார்டுகளுக்குள் போனது. ஒன்றை உருவிப் போட்டது. அந்த சேஃப்டி கார்டு! மூன்று வீரர்களையும் மளமளவென்று மேசையிலிருந்து கைக்கு எடுத்துக்கொண்டார். மேசை துடைத்தது மாதிரி ஆகிவிட்டது.

கலைவாணிக்கே தாங்கவில்லை.

"அண்ணா... நிஜமாவா?"

"ஆங்... வாரிட்டேன்" என்றார் சவரி. கண் இன்னும் ஜன்னலில்தான் இருந்தது.

அடுத்த டர்னில் அந்தப் பெண் காலி மேசையைத் தாண்டி வந்து அடித்து முடித்தாள். சவரி அவளுக்குக் கை கொடுத்தார், "நல்லா ஆடுனம்மா" என்றார், படியில் தடதடவென்று இறங்கிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஈசிஆரில் பைக் பறந்தது. எனக்கு வாயெல்லாம் திட்டு. ஆனால் எதைத் திட்டுவது? வழி முழுக்க நானும் மேகத்தைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் அஞ்சலை போன் பண்ணினாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். "அக்கா, அண்ணன் எங்க இருக்குது? இருட்டிக்கிட்டு வருது. நாங்க இறங்கிட்டோம், சீக்கிரம் வாங்க!"

போய்ச் சேர்ந்தபோது காற்று ஆளைத் தள்ளியது. சவரி செருப்பை உதறிவிட்டுப் பாத்தியில் இறங்கினார். பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஏற்றினார்கள், குவித்தார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைப் புடவை! கூடை தூக்கிப் பழக்கமில்லாத கை எரிந்தது. யார் யாரையோ கத்தினேன், எல்லோரும் என்னைக் கத்தினார்கள். கடைசிக் குவியல்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது நாலு தூறல் விழுந்தது.

அவ்வளவுதான். மேகம் கடல் பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. வெயிலே வந்துவிட்டது.

ஃபைனலும் போச்சு, மழையும் வரவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. திரும்பிப் பார்க்கிறேன்... சவரி முழங்கால் வரை சேறும் உப்புமாக நின்று அஞ்சலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். "ஏமாத்திட்டுப் போவுது பாரு!" என்று வானத்தைக் காட்டி அப்படி ஒரு சிரிப்பு. ஜெயித்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு ஹாலில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அப்போது என் பையில் போன் அடித்தது. அண்ணன்.

"என்னம்மா, மாப்ள என்ன சொல்றாரு? ஆள் ஒருத்தன் இங்க வந்து உட்கார்ந்திருக்கான். இப்பவே சொல்லணும்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னங்க... அண்ணன்" என்றேன். சவரியின் சிரிப்பு நின்றது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"சொன்னபடி சரின்னு சொல்லிடு ஸ்டெல்லா. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல" என்றார். குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போனைக் காதில் வைத்தேன்.

"வேற ஆள் பாத்துக்கோண்ணே."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"அவரு வேலையில இருக்காருண்ணே."