பெயின்ட்டுக்கு அடியில் மாட்டிய கரன்ட்

“பேட்டரிக்காரன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான்!” தினமும் படகுத் துறையிலிருந்து வந்ததும் என் கொழுந்தனார் பாடும் பாட்டு இதுதான். ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் அவருடைய பழைய நீல மோட்டார் படகில் நடு ஆற்றில் கரன்ட் போய்விடும். எஞ்சினும் நின்றுவிடும். பேட்டரியை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், சுவிட்சையும் மாற்றினார். கடைசியில் சவாரிகள்தான் பக்கத்துப் புதுப் படகுக்கு மாறினார்கள்.

போன வாரம் சாப்பாடு கொண்டுபோனேன். மனிதர் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினில் அதை முடுக்கும் இடத்தில் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“அங்க எதுக்கு பெயின்ட்?”

“துரு பிடிக்காது அண்ணி. வருஷா வருஷம் அடிக்கிறேன்.”

“என் மிக்ஸி பிளக்குக்கும் அடிச்சுப் பாருங்களேன், ஓடுதான்னு!”

“அப்ப பேட்டரிக்காரன்?”

“அவனை விடுங்க தம்பி. முதல்ல பெயின்ட்டைச் சுரண்டுங்க, கரன்ட் போகட்டும்.”

முணுமுணுத்துக்கொண்டே இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி ஒயரை முடுக்கினார். எஞ்சின் உடனே கிளம்பியது. அதற்குப் பிறகு நடுவில் நிற்கவே இல்லை. ஆனால் போன சவாரிகள் திரும்பவில்லை. காலிப் படகில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்கரைக்குப் போகிறவர்கள் ஒருதரம் அந்த நீலப் படகில் ஏறிப் பாருங்கள். பேட்டரியைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கரை வரும்வரை புலம்பலை நிறுத்த மாட்டார்.