முகூர்த்தப் பட்டில் வெளுத்த இடம்

தங்கப்பொண்ணு தினமும் பரவையில் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, செல்லூருக்கு நடந்தே வந்துவிடுவாள். அங்கே ஒரு சந்துக்குள் அவளும் தமிழ்வாணியும் சேர்ந்து பட்டுப்புடவைகளுக்குக் கறை எடுத்து பாலிஷ் போடும் கடை வைத்திருந்தார்கள். கறை எடுப்பது தங்கப்பொண்ணு. வருகிறவர்களிடம் பேசுவதும், பாலிஷ் போட்டு மடித்துக் கொடுப்பதும் தமிழ்வாணி. இருவரும் முன்பு ஒரே லாண்டரியில் வேலை பார்த்தவர்கள். தமிழ்வாணியின் புருஷன் செத்து அவள் முடங்கிக் கிடந்தபோது, தனியாகக் கடை போடலாம் வா என்று எழுப்பிக் கூட்டிவந்ததே தங்கப்பொண்ணுதான்.

தங்கப்பொண்ணுக்கு ஒரே மகன், தவசி. அண்ணன் முத்திருளனின் மகள் பொன்னுமணி பிறந்த நாளிலிருந்தே அவள்தான் தன் மருமகள் என்று மனதுக்குள் வைத்திருந்தாள். அண்ணனோ திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கும் பையனைப் பார்த்து முடித்துவிட்டார். தங்கப்பொண்ணு யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. பரிசத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். மறுநாள் கடையில்தான், தமிழ்வாணி முன்னால் மட்டும், உடைந்து அழுதாள்.

"எம் மகனுக்கு என்ன கொறச்சல் வாணி? வயிறு எரியுது. ஆருகிட்டயும் சொல்லிராத."

தமிழ்வாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த அரக்கு நிற முகூர்த்தப் பட்டைத் தட்டோடு கைமாற்றிப் பார்த்தபோது யாரோ காப்பியைச் சிந்திவிட்டார்கள். முந்திக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வேறு யாரிடம் கொடுப்பது? தங்கப்பொண்ணுதான் வாங்கிவந்தாள். பட்டில் விழுந்த பால் காப்பியைத் தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீர் படக் கூடாது. அடியில் வெள்ளைத் துணியை விரித்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினாள். முதல் நாளே கறை பாதி வெளிறியது. நிழலில் காயப் போட்டுவிட்டு, நாளைக்கு இன்னொரு தடவை ஒற்றினால் போதும், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தவசிக்குக் காய்ச்சல். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு மத்தியானம் அவள் கடைக்குள் நுழைந்தபோது அண்ணனும் மதினியும் நின்றிருந்தார்கள். பட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. காப்பிக் கறையைக் காணோம். அந்த இடத்தில் அரக்கு நிறம் போய், வெந்த தோல்போல மஞ்சளாக வெளுத்திருந்தது. நூல்கூட நைந்திருந்தது. பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளை வேட்டிகளுக்கு ஊற்றும் பிளீச்சிங் தண்ணீர். மதினி வருகிறாள் என்று போன் வந்திருக்கும்; சீக்கிரம் முடித்துவிடலாமென்று தமிழ்வாணி தொட்டிருக்கிறாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தமிழ்வாணி முந்திக்கொண்டாள். தலையைக் குனிந்தபடி, மதினியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் எம்புட்டோ சொன்னேன்க்கா. பொண்ணு கொடுக்கலைங்குற வயித்தெரிச்சல் அவுகளுக்கு. நேத்து அழுதுகிட்டே தொட்டாக."

தங்கப்பொண்ணு மேஜையருகே போய் நின்றாள். பட்டைக் கெடுத்தது நானில்லை என்று சொல்லிவிடலாம். வயிறு எரியவில்லை, அழவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த ஒரு உண்மையைப் பிடித்து இழுத்துத்தான் தமிழ்வாணி பொய்யைக் கட்டியிருந்தாள்.

"அண்ணே, நான் செய்யல" என்றாள்.

"அழுதியா, இல்லியா?" என்று கேட்டார் முத்திருளன்.

அவள் தமிழ்வாணியைப் பார்த்தாள். அவர் பட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மதினியோடு வெளியேறினார்.

கல்யாணத்தில் வெளுத்த இடம் முந்தி மடிப்புக்குள் மறையும்படி பட்டைக் கட்டிவிட்டார்கள். தங்கப்பொண்ணு மண்டபத்துக்குப் போனாள். போகாவிட்டால் பழி உண்மையாகிவிடும் என்று தவசிதான் கூட்டிப்போனான். பெண்ணுக்கு நலங்கு வைக்க அத்தைமார்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இவளை அழைக்கவில்லை. தாலி கட்டியதும் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் வெளியே வந்தாள்.

மறுவாரம் தமிழ்வாணி பரவைக்கே தேடிவந்து காலைப் பிடித்தாள். பிளீச்சிங் ஊற்றியது நான்தான், பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று அழுதாள். கடைக்கு வரச் சொல்லிக் கெஞ்சினாள்.

"இதை எங்கண்ணன்கிட்ட வந்து சொல்லு. இப்பவே போவோம்."

தமிழ்வாணியின் அழுகை நின்றது. "அப்புறம் ஆருக்கா நம்ம கடைக்குப் பட்டுக் கொடுப்பாக?" என்றாள்.

தங்கப்பொண்ணு காலை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால், தன் வீட்டிலேயே கறை எடுக்கிறாள். சுற்றுப்பட்டுக் கல்யாண வீடுகளிலிருந்து குங்குமமும் சாம்பாரும் சந்தனமும் பட்ட புடவைகள் வருகின்றன. பொன்னுமணிக்குக் குழந்தை பிறந்த செய்தியை அடுத்த தெருக்காரி சொல்லித்தான் அறிந்தாள். புடவை கொடுக்க வருகிற பெண்கள் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசினால் கேட்டுக்கொள்வாள். தன் வீட்டைப் பற்றிக் கேட்டால், எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, புடவையை எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதை மட்டும் சொல்வாள்.