திரையில் அம்மாவின் பெயர்

மலேசியாவின் ஈப்போவில் அந்தப் பழைய தியேட்டரை இடிக்கிறார்கள். கூரை போய்விட்டது; படம் விழுந்த வெள்ளைச் சுவர் மட்டும் வெயிலில் நிற்கிறது. முதலில் சீன நாடகக் கொட்டகை, பிறகு தமிழ்ப் படம், எண்பதுகளில் வீடியோ வந்ததும் மரச்சாமான் கடை. எனக்கு அது எழுபதுகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான்.

செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து, பால்மரம் வெட்டும் பெண்களோடு லாரியில் வந்திருந்தோம். காய்ச்சல் என்று அப்பா வரவில்லை. யாரையாவது தேடி ஆள் வந்தால், கண்ணாடித் துண்டில் பெயர் எழுதிப் படத்தின் மேலேயே காட்டுவார்கள். எங்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. பாதிப் படத்தில் அம்மாவின் பெயர் வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் இருந்த நான் எழுத்துக்கூட்டி, பெயரை மட்டும் சந்தோஷமாகக் கத்தினேன்.

“ஒம் பேரு படத்துல வருதுலா” என்று பெண்கள் சிரித்தார்கள். அம்மா வெட்கத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

மறுபடியும் காட்டியபோதுதான் கீழ்வரியைப் படித்தேன்: உடனே வெளியே வரவும்.

எங்களை இறக்கிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய லாரிக்கார அண்ணன் வாசலில் நின்றார். அம்மா முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

“அக்கா, வீட்டுக்குப் போலாம். மச்சான் போயிட்டாரு” என்றார்.

சுவரை நாளை இடிப்பார்களாம். அம்மா இருந்தவரை என்னை எதையும் படிக்கச் சொன்னதில்லை. தபால் வந்தால் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நான் பள்ளிக்கூட ஆசிரியையான பிறகும் அப்படித்தான்.