சுவருக்கு அப்பால் வசந்தி

கெலிஓயாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மகள் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "லீக்னா ஒழுகுறது. ஒரு வசனம் சொல்லுங்கம்மா" என்றாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில், எங்கள் காம்பராவுக்கும் என் தோழி வசந்தியின் காம்பராவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். விறகுப் புகையும் ஈரச் சாக்கு வாடையும் இரண்டு பக்கமும் ஒன்றாக உலவ, தகரத்தில் மழை தட்டும் சாயங்காலங்களில் நான் இந்தப் பக்கமிருந்து ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்வேன். அவள் அந்தப் பக்கமிருந்து பொருளும் வசனமும் சொல்வாள். அவள் வசனங்களில் எப்போதும் எங்கள் லயமே இருக்கும். நேரோ என்றால் ஒடுக்கமானது, எங்கள் வாசல் ஒடுக்கமானது. லீக் என்றால் ஒழுகுவது, ராசு மாமா வீட்டுக் கூரை ஒழுகுகிறது. "என் வீடுதான் கெடச்சிச்சா புள்ள?" என்று கடைசிக் காம்பராவிலிருந்து மாமா சத்தம்போட, லயமே சிரிக்கும்.

ஒரு மழைக்காலத்தில், மலை சரியலாம் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். கட்டிக்கிடந்த ஆட்டை அவிழ்த்துவிட்டு வருவதாக வசந்தி திரும்பி ஓடினாள். மண்சரிவு லயத்தை முழுதாக மூடிவிட்டது. அவள் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு எங்களுக்கு இரட்டை வீடொன்றில் ஒரு பாதி கிடைத்தது. மறுபாதிக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. அங்கே முதல் மழை பெய்த அன்று, நடுச்சுவரில் வாய் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் என்று பொருள்படும் 'நெய்பர்' என்ற சொல்லைச் சொன்னேன்.

"யாருகிட்ட புள்ள பேசுற?" என்றாள் அம்மா.

"வசந்திகிட்ட."

அம்மா திட்டவில்லை. மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் சுவரில் காதை வைத்தாள்.