அறுபது சுழிகள்

குண்டூசி தாளைத் துளைக்கும் அந்தச் சிற்றொலியே இன்றும் என் செவியில் நிற்கிறது. தேங்காயெண்ணெய் தடவி ஒளி ஊடுருவுமாறு செய்த தாளொன்று, கேக்கின் மேல் இறுகிக் காய்ந்த வெண்சீனிப் பூச்சின்மீது விரிந்து கிடக்கும். தாளில் கரிக்கோலால் வரைந்த கோடு செல்லும் வழியெல்லாம் ஒரு நெல் இடைவெளிக்கு ஒன்றாக ஊசியை இறக்கிக்கொண்டே போவார் அந்த அம்மையார். தாளை எடுத்தால் பூச்சில் எறும்பு ஊர்ந்த தடம்போலப் புள்ளிகள் தெரியும். பின்னர்க் கூம்பாகச் சுருட்டிய தாளொன்றில் நிறமேற்றிய சீனிக்குழம்பை நிரப்பி, அதன் கூர்நுனியைப் புள்ளிகளின் மேலே நகர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு பிதுக்குவார். புள்ளிகள் கோடாகும், கோடு பூவாகும், கொடியாகும், பறவையாகும்.

ஊரில் எல்லோரும் அவரை நோனா என்றே அழைத்தனர். மட்டக்களப்பில் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் பறங்கியர் குடும்பத்தவர், கணவர் தச்சர். வீட்டுக்குள் பேசியது போர்த்துக்கேய மொழி. வாயிலைத் தாண்டினால் எங்கள் தமிழ், அதுவும் என்னைப்போல் ஏட்டிலிருந்து எடுத்த தமிழன்று, வாவிக் காற்றில் உலர்ந்த தமிழ். எழுதப் படிக்க அவர் கற்றதில்லை. எனினும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய அந்த முப்பதுகளில், நகரில் எந்த வீட்டிலேனும் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால், அது பெரும்பாலும் வாவிக்கு அக்கரையிலிருந்த அவருடைய அடுப்பில் மேலும் கீழும் தணலிட்டு வெந்ததாகவே இருக்கும்.

கேக் சொல்லப் போகிறவரிடம் நோனா முதலில் கேட்பது எத்தனை பேருக்கு என்பதன்று. "அந்த ஆள் எப்படிப்பட்ட ஆள்?" என்பதே முதற்கேள்வி. விடை போதாவிடின் தாமே அவ்வீட்டுக்குப் போய், ஏதோ வேலையாக வந்தவர்போல் அரைமணி நேரம் இருந்துவிட்டு வருவார். நில அளவையாளரின் மகளுக்கு, அவள் நாள்தோறும் சோறிடும் ஒற்றைக்கால் காகத்தைக் கேக்கின் மேல் அமர்த்தினார். மருத்துவரின் மகனுக்கு, அவன் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட கொய்யாமரத்தையும் அதனடியில் அந்தப் பல்லையும் வைத்தார். தன் பல்லை முதலில் யார் தின்பது என்று அச்சிறுவன் அன்று நடத்திய சண்டையை ஊரே பேசிச் சிரித்தது.

அவரை நான் அறிய நேர்ந்தது, நகரத்து மிசன் பாடசாலையொன்றில் தமிழாசிரியனாகச் சேர்ந்த முதலாண்டில். வயது இருபத்திரண்டு. என் ஊராகிய செட்டிபாளையத்திலிருந்து அவ்வாறு படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நானே. பணி இன்னும் நிலைப்படவில்லை; ஆண்டு முடிவில் பாடசாலைக் குழு கூடி, வைத்திருப்பதா விடுவதா என்று முடிவு செய்யவேண்டும். விட்டுவிட்டால், கற்ற நூல்களைப் பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டு, தாய்மாமனுடைய நெல்வட்டையில் யானை விரட்டப் பரணேற வேண்டியதுதான். குழுவிலிருந்த திருச்சபை உபதேசியார் ஒருவருக்குச் சைவன் ஒருவன் அங்கே தமிழ் கற்பிப்பது தொடக்கத்திலிருந்தே உவப்பாயில்லை. அவர் அஞ்சியதற்கு நானே இடமுங் கொடுத்தேன். கரும்பலகையில் எழுதத் தொடங்குகையில் என் கை தானாகவே மேலே ஒரு பிள்ளையார் சுழியை இட்டுவிடும். மாணவர் கண்டதை அப்படியே எழுதுவோர். கிறித்தவர்களான வேதக்காரப் பிள்ளைகளின் கொப்பிகளில் பக்கந்தோறும் பிள்ளையார் சுழி இருப்பதைக் கண்ட உபதேசியார், கொப்பிகளை அள்ளிக்கொண்டு பாடசாலைத் தலைவரான அதிபரிடம் போனார். அதிபர் என்னை அழைத்துக் கனிவாகவே சொன்னார். ஆயினும் உபதேசியார் வெளியே நின்று, "இன்னொருக்கா நடந்தா நான் பேசமாட்டன் தம்பி, குழுதான் பேசும்" என்றார்.

அந்த அதிபருக்குத்தான் அறுபதாவது பிறந்தநாள் வந்தது. ஆங்கிலேயர், முப்பதாண்டுகளாக இங்கே வாழ்ந்து, தமிழை எழுத்தெண்ணிக் கற்றவர். ஆசிரியர்கள் கூடி, அவருக்குத் தெரியாமல் ஒரு விழா எடுப்பதென்று முடிவு செய்தோம். பாட்டு ஒருவருக்கு, தோரணம் ஒருவருக்கு, தேசிக்காய்த் தண்ணீர் ஒருவருக்கு என வேலைகள் பகிரப்பட்டன. கேக்கும் அதன் மேல் எழுதும் தமிழ் வாழ்த்தும் என் பங்காயின. அதுவரை நகரத்துக் கேக்குகளில் எழுதியதெல்லாம் ஆங்கிலம். முதன்முதலாகத் தமிழ் ஏறப்போகிறது என்ற எண்ணத்தில் மூன்று நாள் இருந்து ஒரு வெண்பாவை யாத்து எடுத்துக்கொண்டு தோணியேறினேன்.

நோனா சமையற்கூடத்தில் மரமுந்திரிப் பருப்பை இடித்துக்கொண்டிருந்தார். "அம்மையீர், இனியப்பமொன்று செய்து தரல் வேண்டும்" என்றேன். உலக்கை நின்றது.

"என்ன அப்பம் மனே? அப்பம் வேணுமெண்டா முன்வீட்டுக்குப் போங்க."

நான் விளக்கினேன். அவர் சிரித்தார். "கேக்க கேக் எண்டு சொன்னா அது கோவிக்காது வாத்தியார். சரி, ஆருக்கு?"

அதிபருக்கு என்றதும் அவர் வேறொன்றும் வினவவில்லை. அதிபரை அவர் முன்னரே அறிந்திருந்தார். விடியற்காலையில் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாவிக் கரையில் வீச்சுவலை எறியப் பழகும் வெள்ளைக்காரரை அக்கரையிலிருந்து நாள்தோறும் பார்த்தவர் அல்லவா? என் வெண்பாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான்கடியையும் இசையோடு சொன்னேன். கேக்கின் அகலத்தை இரு கைகளாலும் காற்றில் அளந்து காட்டினார்.

"நாலு வரியா? இது கேக், கல்வெட்டில்ல. முன்னால நிக்கிறவர் கத்தியோட நிப்பாரு. அந்தக் கத்தி இறங்கமுதல்ல வாசிச்சு முடியவேணும். ஒரு மூச்சில சொல்லுறமாதிரி ஒண்டு தாங்க."

எனக்குச் சினம் வந்தது, மறைக்கவும் தெரியவில்லை. அவர் தந்த எண்ணெய்த் தாளை வாங்கி அங்கேயே நிலத்தில் அமர்ந்து, 'அன்புசால் ஐயா, நீடு வாழ்க' என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு விரைந்து திரும்பினேன். அந்தச் சினத்தில் கை என்ன செய்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

விழாவன்று கச்சான் காற்று கடுமையாக வீசியது. பாலத்தால் வண்டியில் கொண்டுவந்தால் குலுங்கும் என்று, கேக்கை மரப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்தித் தோணியிலேயே வருவது நோனாவின் வழக்கம். பெட்டியில் உரசிச் சிதையும் என்பதால் ஓரக்கரையை மட்டும் வீட்டில் போடமாட்டார்; சீனிக்குழம்பைக் கூடையில் எடுத்துவந்து, கேக் மேசையேறிய பின்னர்ப் போட்டு முடிப்பார். அன்று காற்று தோணியை ஒருமணி நேரம் பிந்தவைத்தது. நோனா மண்டபத்துள் நுழைகையில் அதிபர் நடு இருக்கையில் அமர்ந்துவிட்டார்; மாணவர் பாடி முடித்துவிட்டனர். பொறுமையிழந்த மூத்த ஆசிரியர் ஒருவர் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்து, நோனா கைகாட்டித் தடுப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்.

எழுந்த வியப்பொலி இன்னும் நினைவிருக்கிறது. கேக்கின் மேல் வாவி கிடந்தது. இரம்பையிலையின் சாற்றால் பசுமையேற்றிய நீரும், கரையில் கண்டல் மரங்களும், அதனருகே மடித்த காற்சட்டையுடன் ஒரு சிறு உருவும், அவ்வுருவின் கையிலிருந்து விரிந்து விழும் நூலினும் மெல்லிய வலையும். வலைக்குள் ஒன்றுமில்லை. வலைக்கு வெளியே ஓர் இறால் மீசையை உயர்த்திக்கொண்டு போயிற்று. அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் பிடிப்பது இவ்வளவுதான் என்று யார் சொன்னது?" என்றார்.

"சொல்லவேணுமா சேர்? அக்கரையில இருந்து பாத்தாத் தெரியாதா?" என்றார் நோனா.

அச்சிரிப்பினிடையே நான் என் எழுத்தைத் தேடினேன். வலைக்கு மேலே, என் கையெழுத்தின் வளைவுகள் ஒன்றுகூடத் தவறாமல், சிவந்த சீனியில் வாழ்த்து ஒளிர்ந்தது. அதற்கும் மேலே, நடுவில், தனியாக, ஒரு பிள்ளையார் சுழி.

எனக்கு முன்னரே உபதேசியார் அதைக் கண்டுவிட்டார். மேசையருகே குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். "இதென்ன? பிள்ளையார் சுழியோ? அதிபர்ர கேக்கிலயோ?" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினார். குழுவின் மற்ற மூவரும் முன்வரிசையிலேயே இருந்தனர். வட்டையும் பரணும் என் கண்முன் வந்துவிட்டன. நான் செய்தது என்று சொல்லவேண்டும் என்று அறிவு சொல்லிற்று, நாவு அசையவில்லை. அந்த அமைதியை நான் இன்றுவரை எனக்கு மன்னித்ததில்லை.

நோனா உபதேசியாரைப் பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கூடையிலிருந்து சீனிக்கூம்பை எடுத்தார்.

"என்ன உபதேசியார், வேல முடியமுதல்ல மூடியத் திறந்துபோட்டுக் கேள்வி கேக்கிறிங்க? கரை போடாமக் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியல்லையா? அது கரைக்கு மாதிரி. ஒண்டு போட்டுப் பாத்தன். கொஞ்சம் விலகி நில்லுங்க, வெளிச்சம் வரட்டும்."

உபதேசியார் விலகினார். நோனா குனிந்து, கேக்கின் விளிம்பில் அதே சுழியைப் போட்டார். அதனருகே இன்னொன்று, அதனருகே இன்னொன்று. வழக்கமாகச் சிப்பிகள் அடுக்கும் கரையில் அன்று சுழிகள் வரிசையாக எழுந்தன. பின்வரிசையிலிருந்த குறும்பன் ஒருவன் எண்ணத் தொடங்கினான். "அஞ்சு... ஆறு..." மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர். இருபதில் மண்டபம் முழுவதும் எண்ணிற்று. நாற்பதில் அதிபரும் மேசையைத் தட்டி எண்ணினார். ஐம்பத்தொன்பதாவது சுழியோடு கரை ஒருசுற்று முடிந்தது. நோனா நிமிர்ந்து, சீனிக்கூம்பின் நுனியால் நடுவிலிருந்த என் சுழியைச் சுட்டிக்காட்டினார்.

"அதோட அறுபது. அறுபது வயசுக்கு அறுபது. பிழையா உபதேசியார்?"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஒரு பிள்ளையார் சுழியை மறைப்பதற்கு ஐம்பத்தொன்பது பிள்ளையார் சுழி போட்ட கத்தோலிக்கப் பெண்மணி, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கைதட்டியோருள் உபதேசியாரும் ஒருவர். அவருக்குக் கிடைத்த மூலைத்துண்டில் மூன்று சுழிகள் இருந்தன. சுவை நன்றென்று சொல்லி மற்றுமொரு துண்டு கேட்டு வாங்கினார். நடுச்சுழி இருந்த துண்டை அதிபர் தாமே எடுத்துக்கொண்டார். அதைத் தின்னும்போது என்னை நோக்கி அவர் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். முப்பதாண்டுகள் தமிழ்க் கடிதங்களை வாசித்தவர் அந்தச் சுழியை அறியாரா? எதுவும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் குழு கூடியது. என் பணி நிலைப்பட்டது. அதே பாடசாலையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் கற்பித்தேன். மணமும் மக்களும் வீடும் நூல்களும் அந்த வேலையிலிருந்து வந்தவை. அவற்றுள் எதை எண்ணினாலும், சீனிக்கூம்பு பிடித்த அந்தக் கைக்கு நன்றி சொல்லாமல் எண்ணி முடிக்க என்னால் இயலுவதில்லை.

விழா முடிந்த மறுநாள் மாலையே அக்கரைக்குப் போனேன். நோனா வாசலில் இருந்து மாச்சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பிழையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி சொன்னேன். அச்சுழி என்னவென்று அறியாமலே பாவம் அவர் படியெடுத்துவிட்டார் என்று எண்ணி, அதன் பொருளையும் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"எழுத்துத்தான் தெரியா வாத்தியார். பிள்ளையார் சுழி தெரியாதா? இந்த ஊரில கலியாணக் கடுதாசி ஒண்டும் என்ர வீட்டுக்கு வரல்லையா? கடைப்பலகை ஒண்டும் நான் பாக்கல்லையா?"

நான் திகைத்தேன். "தெரிந்துமா போட்டீர்கள்?"

"தெரிஞ்சுதான். நான் மாவக் குழைச்சு அடுப்பில வைக்கமுதல்ல கத்தியால மேல ஒரு சிலுவ கீறுவன். சாப்பிடுற ஆளுக்கு நல்லது நடக்கட்டும் எண்டு. வேகக்குள்ள அது மறைஞ்சு போயிரும், ஆரும் காணமாட்டாங்க. நீங்களும் அந்த மனிசனுக்கு உங்கட சாமியக் கூப்பிட்டு எழுதித் தந்திருக்கிறிங்க எண்டு நினைச்சன். அத விட்டுப்போட்டு மிச்சத்த மட்டும் போட எனக்கென்ன உரிமை?"

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் கருதியபடியே நல்லவனாகத் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் முந்திய நாள் மண்டபத்தில் வாய் திறவாதவன், இங்கேயும் திறவாதிருந்தால் பிறகு எங்கேதான் திறப்பது? உண்மையைச் சொன்னேன். வேண்டுதல் எதுவும் இல்லை, வாழ்த்தும் இல்லை. வெண்பாவைக் குறைக்கச் சொன்ன சினத்தில், நினையாமலே, கைப்பழக்கத்தில் விழுந்த சுழி அது என்றேன்.

நோனா சல்லடையைத் தட்டி நீரை உதறினார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"பழக்கமா?" என்றார். "அப்ப இனி நினைச்சுப் போடுங்க மனே."