கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், ரீச்சர்

ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கச் சொல்லிக்கொடுப்பது, மாமியாரின் குசினிக்குள் நின்று மாமியாருக்கே சம்பல் இடிக்கக் காட்டிக்கொடுப்பது போன்ற தொழில். உப்புக் குறைவு என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் சாப்பிடவும் முடியாது. கொழும்பிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு நான் ஆசிரிய ஆலோசகர். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் நல்லதென்று கண்ட முறைகளை எடுத்துக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவது என் வேலை. வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து பார்ப்பேன், பிறகு ஆசிரியரோடு கதைப்பேன். நான் சொன்ன முறை பிடித்திருந்தால் செய்து பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால், அடுத்த முறை என்னைக் கண்டதும் அவசரமாக ஆய்வுகூடத்துக்குள் போய்விடுவார்கள்.

கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கும், அப்படி வறண்டவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஒரே வாங்கில் இருக்கிறவர்கள் கதைத்துக்கொண்டால் களைப்புக் குறையும் அல்லவா?

செபம் முடியவில்லை

கொட்டாஞ்சேனையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் பிலோமினா ரீச்சர் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. விடை சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரி. கேள்வி வாயிலிருந்து முழுதாக வந்து விழுவதற்குள் விடையையும் தானே சொல்லிவிடுவார். பிள்ளைகள் ஒரே குரலில் "யெஸ் மிஸ்" என்பார்கள். கேள்வி கேட்டபின் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் யோசிக்கிற பிள்ளைகள் கூடுவார்கள், அதைச் செய்து பாருங்கள் என்று கேட்டேன். அடுத்த பாடத்திலேயே, கேள்வியைக் கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். வகுப்பு பயந்துபோனது. முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். இன்னொருத்தி கொப்பியால் விசிறினாள். ரீச்சருக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

பாடத்தை மறந்துபோய் நிற்கிற மாதிரி வெட்கமாக இருக்கிறது என்று ரீச்சர் பிறகு சொன்னார். மனதுக்குள் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினால் அவசரம் கூடுகிறதாம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: கேள்வி கேட்டவுடன் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வது. ஒருநாள், காயப்போட்ட உடுப்பிலிருக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுச் செபத்தைத் தொடங்கியிருக்கிறார். வருடம் முழுக்க வாய் திறக்காத ஷெரின், காற்றுக்குள் போகிறது என்று சொல்லி, அப்படியென்றால் மழை நாளில் ஏன் போவதில்லை என்று திருப்பியும் கேட்டிருக்கிறாள். ரீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டு இரண்டாவது செபத்தைத் தொடங்கினார். அதற்குள் பக்கத்திலிருந்த பிள்ளை, மழை நாளில் காற்று ஏற்கெனவே நனைந்துதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். பின்னேரம் ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "மிஸ், முந்தி விடைதான் வராது. இப்ப ஒரு செபத்த முழுசா சொல்லி முடிக்க விடுறாங்களே இல்ல."

டைல்ஸ் வந்த கதை

மாளிகாவத்தையில் கணிதம் படிப்பிக்கும் ரிஸ்வான் சேர் பெயரெடுத்தவர். அவருடைய பாடத்தைப் பார்க்கப் போனபோது குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தெளிவான குரல், அச்சடித்த மாதிரிக் கையெழுத்து, "வெளங்கினா?" என்று கேட்டால் வகுப்பு முழுக்கத் தலையாட்டல். அந்தத் தலையாட்டலை மட்டும் நம்பவேண்டாம் சேர், ஒவ்வொரு பிள்ளையும் தன் விடையை எழுதி எல்லாரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டட்டும் என்றேன். அதற்குச் சின்னச் சின்ன வெள்ளைப் பலகைகள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதற்கு வழியில்லை. அடுத்த கிழமை சேர் ஒரு ஓட்டோ நிறையக் குளியலறை டைல்ஸ் கொண்டுவந்து இறக்கினார். மச்சானின் கடையில் மிஞ்சிப்போன வெள்ளை டைல்ஸ். பிள்ளைகளின் கையை வெட்டாமலிருக்க ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். மாக்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். பள்ளிக்கூட அதிபர் ஓடிவந்து, கழிப்பறை திருத்த யாரிடம் அனுமதி எடுத்தீர்கள் என்று விசாரித்தார்.

பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று முதற்கேள்வியை மிக லேசாகத்தான் கேட்டார். பத்தாம் தரத்துக்கு அது ஒரு கேள்வியே இல்லை: அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு? டைல்ஸ் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. அநேகமானவற்றில் ஐந்தில் இரண்டு என்று இருந்தது. அரை இறாத்தல் பாணோடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் அது அரை இறாத்தலைவிடக் குறைந்துபோய்விட்டது, அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சேர் ஏசவில்லை. அந்த வெள்ளைச் சதுரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாடத்திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பின்னத்தை அடியிலிருந்து எடுக்கத் தொடங்கினார். பாடம் பின்தங்குகிறது என்று பேச்சும் வாங்கினார். நான் திரும்பிப் போனபோது டைல்ஸில் விடைகள் சரியாக வந்துகொண்டிருந்தன. சேரின் முகம்தான் இன்னும் தெளிந்திருக்கவில்லை. என்னை வழியனுப்ப கேற்றடி வரைக்கும் வந்தவர் சொன்னார்: "டீச்சர், இந்த டைல் துண்டுகள கொண்டுவராம இருந்தா நான் நிம்மதியா இருந்தீப்பேன். ஆனா இனி அதத் திருப்பி அனுப்பவும் ஏலா."

ஒரு செயலமர்வு

எங்கள் மேலதிகாரி ஒருவர் தங்கமான மனிதர். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால் மட்டும் திருப்பிக் கொடுக்கமாட்டார். வகுப்பில் ஆசிரியர் பேச்சைக் குறைத்துப் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும் என்பதற்கு ஒரு செயலமர்வு வைத்தோம். சாப்பாட்டுப் பார்சல் முடிந்த கையோடு அவர் பேச்சைத் தொடங்கினார். திரையில் படத்துக்கு மேல் படம் வந்தது. வாசலுக்கு வெளியே நிழல் நீண்டுகொண்டு போனது. மின்விசிறிக்குக் கீழே இருந்தவர்கள் பாக்கியசாலிகள், நன்றாக நித்திரை கொண்டார்கள். ஒருவழியாக முடித்துவிட்டு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். கொட்டாஞ்சேனை அந்தோனி சேர் மிகுந்த மரியாதையோடு எழும்பி நின்றார். "சேர், பிள்ளைங்கள பேச விடணும்னு நல்லா விளங்கிச்சு. எங்கள எப்ப சேர் விடுவீங்க?"

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம்

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். வெள்ளவத்தையில் ரஜனி மிஸ்ஸின் எட்டாம் தரத்தில் நான் ஒரு மாதிரிப் பாடம் எடுத்தேன். முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்துப் பிள்ளையோடு கதை, பிறகு வகுப்புக்குச் சொல். இதைவிட இலகுவான முறை உலகத்தில் இல்லை என்று முதல்நாள்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் யோசித்தார்கள். கதையுங்கள் என்றேன், கதைத்தார்கள். நிறுத்துங்கள் என்றேன், நிறுத்தவில்லை. கதை எப்போதோ கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. கவனத்தை இழுக்கக் கை தட்டினேன். அவர்களும் சந்தோஷமாகத் திருப்பித் தட்டினார்கள். கடற்கரைப் பக்கத்தால் ரயில் வேறு கூவிக்கொண்டு போனது. ரஜனி மிஸ் பின்வாங்கிலிருந்து எழும்பி, சுவர் ஓரமாக மெல்ல நடந்து வந்தார். வகுப்பு அடங்கியது. அவர் திரும்பிப் போய் இருந்தார்.

மணி அடித்த பிறகு ஆசிரியர் அறையில் நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பஸ்ஸுக்கு அவசரப்பட்டவர்கள்கூட ஒரு முறை என்னை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ரஜனி மிஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியில் மிச்சமிருந்த வடையை என் பக்கம் தள்ளினார். "கவலைப்படாதேங்கோ மிஸ். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில ஆராய்ச்சியும் களைச்சுத்தான் போயிருக்கும்."

விளங்கினது சரி

பம்பலப்பிட்டியில் தர்ஷினி என்றொரு புது ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. குறிப்புச் சொல்லி எழுதுவிப்பதைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு பாடமும் தொடங்கும்போது, புத்தகத்தை மூடிக்கொண்டு முன்பு படித்ததை நினைவிலிருந்து எழுத வைத்தார். பார்த்து எழுதுவதைவிட நினைத்து எழுதுவதுதான் மனதில் நிற்கும் என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். கொப்பிகளில் வெட்டலும் திருத்தலும் அம்புக்குறிகளுமாக நிறைந்தன. ஒருநாள் அபிரா என்ற பிள்ளையின் தாய் கொப்பியோடு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மற்ற வகுப்புப் பிள்ளையின் கொப்பி ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அது சிவப்புக் கோடு கீறி, அடிக்கோடிட்டு, கலியாண அழைப்பிதழ் மாதிரி இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். அதிபரிடமும் போகப்போவதாகச் சொன்னார். தர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அங்கேதான் இருந்தேன். புத்தகத்தில் விரும்பிய இடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் அம்மா என்றேன். தாய் பக்கங்களைப் புரட்டி, இரத்தம் உடம்பில் எப்படிச் சுற்றுகிறது என்று மகளிடம் கேட்டார். அபிரா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இதயத்தின் ஒவ்வொரு அறையாகக் கதவு திறந்து காட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் தாயின் போன் அடித்தது, அவர் பார்க்காமலே நிறுத்தினார். பிள்ளை சொல்லி முடித்ததும் தாய் புத்தகத்தை மூடினார். நெற்றியில் விழுந்திருந்த மகளின் முடியை ஒதுக்கிவிட்டு, தர்ஷினியின் பக்கம் திரும்பி மிகத் தணிவாகச் சொன்னார்: "இவள் இப்பிடிக் கதைச்சு நான் கேட்டதே இல்லை மிஸ். நல்லா விளங்கியிருக்கு. அப்ப, நோட்ஸ் எப்ப குடுப்பீங்கள்?"

கேட்ட இடமாற்றம்

சுகந்தி ரீச்சர் வத்தளையிலிருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவர். விடியமுன் எழும்பி, சமைத்து, சுகமில்லாத தாயைக் கவனித்து, நெரிபட்டு வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அவருக்குக் கிடைத்திருந்தது ஆறாம் தரத்தின் கடைசிப் பிரிவு. வருடாவருடம் வகுப்பேற்றி அனுப்பப்பட்டு, ஒரு வசனத்தை ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைகள். நான் முதல்முறை போனபோது அவர் என்னிடம் முறையொன்றும் கேட்கவில்லை. வத்தளைப் பக்கம் இடமாற்றம் எடுத்துத்தர அலுவலகத்தில் யாரையாவது தெரியுமா என்றுதான் கேட்டார்.

அந்த வகுப்பில் கவிதா என்றொரு பிள்ளை. தகப்பன் காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். வாசிக்கிற முறை தனக்குக் கிட்ட வரும்போது, தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்பாள். பிள்ளைகளை இருவர் இருவராக இருத்தி, ஒரே சின்னப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சத்தமாக வாசிக்க விடுங்கள் என்றேன். முதலில் கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்தவர், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, பிறகு மற்றவர் தனியாக. தடக்குகிற சொல்லை ஒலியொலியாக உடைக்கவேண்டும், சிரிக்கக்கூடாது. சின்ன வகுப்புக் கதைகளைக் கொடுத்தால் இந்த வயதுப் பிள்ளைகள் கூசிப்போவார்கள் என்று சொல்லி, ரீச்சர் பத்திரிகையில் வந்த விளையாட்டுச் செய்திகளை வெட்டிக்கொண்டு வந்தார். வகுப்பு மீன்சந்தையாகிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து முறையிட்டபோது, எதற்கும் வாதாடாத சுகந்தி ரீச்சர் வாசலில் நின்று வாதாடினார். இது குழப்படிச் சத்தம் இல்லை, வாசிக்கிற சத்தம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மாதங்கள் போயின. கவிதாவுக்குத் தண்ணீர் விடாய் நின்றுபோனது. பிறகு ஒருநாள், காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கத் தன்னை விடச்சொல்லி அவளே கேட்டாள். ரீச்சர் பயந்துபோய் என்னையும் வரச் சொன்னார். கவிதா தாளோடு மேடையேறி வாசிக்கத் தொடங்கினாள். நீளமான ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். முழுப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ரீச்சரின் உதடுகள் சத்தமில்லாமல் அந்தச் சொல்லை உடைத்துக்கொண்டிருந்தன. மேடையில் கவிதாவும் உடைத்தாள், துண்டு துண்டாகச் சொன்னாள், பிறகு சேர்த்து ஒருமுறை சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். இறங்கி வந்தவள் ரீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சொல்லைத் தான் வாசிக்காமலே விட்டுவிட்டதாகவும் அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் இரகசியமாகச் சொன்னாள். ரீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

கொஞ்ச நாளில் இடமாற்றம் வந்துவிட்டது. வத்தளையில், வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய பள்ளிக்கூடம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, தாயை இனித் தனியாக விடமுடியாது. அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை மட்டும் இருக்கவிடச் சொல்லிக் கேட்டு வாங்கி, அடுத்து வருகிற ஆசிரியைக்கு எந்தப் பிள்ளையை யாரோடு இருத்தவேண்டும் என்றெல்லாம் காட்டிக்கொடுத்தார். வாழ்த்துச் சொல்லப் போன என்னிடம் கோபப்பட்ட மாதிரித்தான் கதைத்தார். "கேட்டுக் கேட்டுத் திரிஞ்ச நேரம் தரேல்லை மிஸ். இதுகள் வாசிக்கத் தொடங்கின பிறகுதானா எனக்குத் தாறது?"

ஆராய்ச்சி எவ்வளவு சரியாக இருந்தாலும், முதலில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒரு பிளேன்ரீ குடித்து நாலு வீட்டுக் கதை கேட்காவிட்டால், அதை ஒருவரும் வகுப்புக்குள் விடமாட்டார்கள்.