கொப்பு இறங்கிய மதியம்

சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் மரம் கழிக்க சங்கிலிமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். பெட்ரோல் ரம்பம் கேட்டுக்குள் வரக்கூடாது, கைரம்பந்தான். ஏறினால் இடுப்பில் ஒரு கயிறு, அரிவாளுக்குத் தனியாக ஒன்று. அரிவாள் கை நழுவிக் கல்லில் பட்டுப் பொறி பறந்துவிடக்கூடாது.

அன்றைக்கு வெடிமருந்து செலுத்தும் அறையின் கூரைக்கு மேல் ஒரு வேப்பங்கொப்பு சாய்ந்து கிடந்தது. அறையில் ஆள் இருந்தால் வெட்டமாட்டேன் என்று சங்கிலிமுத்து ஒற்றைக்காலில் நின்றார். போர்மேன் செல்வக்குமாருக்கு சீசன் நேரத்தில் வேலையை நிறுத்த மனசில்லை.

“சாப்பாட்டுக்கு விடும்போது வெட்டிருங்க அண்ணாச்சி. அப்புறம் எங்களுக்கு நேரம் கிடையாது.”

“அது போதும்.”

மணி அடித்தது. பெண்கள் தொட்டிப் பக்கம் கை கழுவப் போனார்கள். கடைசி ஆளும் போனதைப் பார்த்துவிட்டுத்தான் கொப்பில் ரம்பத்தை வைத்தார். கூரையில் விழாமல் மரத்தடிப் பக்கமாகத் திரும்பி விழட்டும் என்று கொப்பை வடத்தால் இழுத்துக் கட்டியிருந்தார்.

முக்கால்வாசி அறுத்தபோது கீழே பேச்சுச் சத்தம். பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்துவைத்து, கொப்பு விழவேண்டிய இடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தினமும் அந்த நிழலில்தான் சாப்பாடு. அறையைக் காலி பண்ணச் சொன்னவர், எங்கே போய் உட்காரவேண்டும் என்று சொல்லவில்லை. போர்மேனும் சொல்லவில்லை.

“ஏத்தா, எந்திரிங்க. கொப்பு எறங்குது.”

அய்யம்மாள் அண்ணாந்து பார்த்தாள். “வெயில்ல போய் வேகச் சொல்லுதீகளா? ரெண்டு வாய் தின்னுக்கிடுதோம், அப்புறம் வெட்டுங்க அண்ணாச்சி.”

“மேல இருந்து தொடுகறி வருதுடி,” என்று ஒருத்தி சோற்றில் விழுந்த மரத்தூளைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கிலிமுத்து அறுப்பதை நிறுத்தியிருந்தார். மரம் நிறுத்தவில்லை. நார் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது.

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாத வார்த்தை ஒன்று உண்டு. சொன்னால் எங்கோ மருந்து பற்றிக்கொண்டது என்று அத்தனை அறையும் கலையும், விழுவார்கள், மிதிபடுவார்கள். சொன்னவனை அப்புறம் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? வாயைத் திறந்து மூடினார். பிறகு கத்தினார்.

“ஓடுங்க.”

ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. வட்டம் கலைந்து அவர்கள் கேட்டை எட்டுவதற்குள் கொப்பு முறிந்து தூக்குவாளிகள் மேல் விழுந்தது.

மொத்தக் கம்பெனியும் கேட்டுக்கு வெளியே நின்றது. இரண்டு பேருக்கு முழங்காலில் சிராய்ப்பு, ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. செல்வக்குமார் திரும்பிவந்து மரத்தடியில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். சங்கிலிமுத்து கேட்டுக்கொண்டே மேலே உட்கார்ந்திருந்தார். திட்டி ஓய்ந்தபிறகு வடத்தை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

அய்யம்மாள் நசுங்கிய வாளியைக் கொப்புக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“எம்பிள்ளைக மொகம் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு. இனி அந்த வார்த்தைய எடுக்காதீக அண்ணாச்சி.”

அந்தக் கம்பெனி அவரை மறுபடி கூப்பிடவில்லை. மற்ற இடங்களில் இப்போது மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுத்தான் ஏறுகிறார். தாண்டி வந்து உட்காருகிறவர்களிடம் மேலிருந்து ஒன்றும் சொல்வதில்லை. இறங்கிவந்து, அவர்களுடைய தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறார். அவர்களும் முனகியபடி பின்னால் போகிறார்கள்.